நாலா, அஞ்சா, ஆறா: வான்கோழி வேட்டையில் ஒரு பன்னிரண்டு கெஜத்துச் சண்டை

அமெரிக்காவில் வசந்த காலம் வந்தால் வான்கோழி வேட்டைக்காரர்கள் மத்தியில் ஒரு பழைய வாக்குவாதம் திரும்பவும் கிளம்பும். ஷாட்கன் தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக் குண்டு எந்த அளவில் இருக்கணும்? நாலாம் நம்பரா, அஞ்சாம் நம்பரா, ஆறாம் நம்பரா? வேட்டைப் பத்திரிகைக் கட்டுரைகள், வீடியோக்கள், தோட்டாப் பெட்டி விளம்பரங்கள் என்று எங்கே போனாலும் இதுக்கு ஒரு பதில் கிடைக்கும். ஒவ்வொரு பதிலும் அடித்துப் பேசும். ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

நான் துப்பாக்கி பிடித்தவன் இல்லை. நம்ம ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு காட்டு விலங்கை வேட்டையாடுவது குற்றம். என்னை இழுத்தது வேட்டை இல்லை, வாதம்தான். எல்லாமே எண்ணால் அளக்கக்கூடிய ஒரு விஷயத்தில், இத்தனை அனுபவசாலிகள் இத்தனை வருஷமாகப் பேசியும் ஏன் முடிவுக்கு வரவில்லை? இந்த அறிவுரை இலக்கியத்தைக் கொஞ்சம் படித்தேன், கணக்கும் போட்டுப் பார்த்தேன். என் விமர்சனம் இதுதான்: இவர்கள் சண்டை போடும் எண், வேட்டைக்காரர் எடுக்க வேண்டிய முடிவுகளிலேயே சின்ன முடிவு. பெரிய முடிவு வேறு இடத்தில் இருக்கு. அதைப் பற்றிக் கட்டுரையின் கடைசியில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான்.

இதில் பாதிக்கப்படுவது வாதத்தில் தோற்றவர் இல்லை. அடிபட்டும் சாகாமல் புதருக்குள் ஓடி, இரண்டு நாள் கழித்துச் சாகும் பறவை.

முதல்ல அடிப்படை

வசந்த கால வேட்டையில் குறி சேவல் வான்கோழி. வேட்டைக்காரர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, பெட்டையின் குரலை ஒரு சின்னக் கருவியால் எழுப்பி, சேவலை வரவழைப்பார். வந்ததும் உடம்பில் சுடக்கூடாது. எட்டு ஒன்பது கிலோ எடையுள்ள பறவை. அடர்ந்த இறகு, கெட்டியான நெஞ்சுத் தசை, தடித்த சிறகெலும்பு. உடம்பில் பட்ட குண்டு காயப்படுத்தும், உடனே கொல்லாது. அதனால் தலைக்கும் கழுத்துக்கும் குறிவைக்கிறார்கள். மூளையிலோ கழுத்து எலும்புக்குள் ஓடும் தண்டுவடத்திலோ பட்டால் பறவை அந்த இடத்திலேயே விழும். மொத்தத்தில் குறி மிகச் சின்னது, அதுவும் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஷாட்கன் ஒரு குண்டைச் சுடுவதில்லை. நூற்றுக்கணக்கான சின்ன ஈயக் குண்டுகளை ஒரே நேரத்தில் வீசுகிறது. போகப் போக அவை விரிந்துகொண்டே போகும். குழலின் வாயில் சோக் என்ற குறுகல் இருக்கும், விரிவைக் கட்டுப்படுத்த. குண்டுகள் தாளில் விழும் கோலத்துக்குத்தான் பேட்டர்ன் என்று பெயர்.

அமெரிக்க நம்பர் முறை முதலில் குழப்பும். நம்பர் கூடினால் குண்டு சிறுக்கும். ஆனால் ஒரு எளிய வழி இருக்கு: 17-லிருந்து நம்பரைக் கழித்தால் குண்டின் விட்டம் அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்று கிடைக்கும். ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு எத்தனை குண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்க:

4-ம் நம்பர்: 0.13 அங்குலம், சுமார் 135 குண்டு
5-ம் நம்பர்: 0.12 அங்குலம், சுமார் 170 குண்டு
6-ம் நம்பர்: 0.11 அங்குலம், சுமார் 225 குண்டு

வான்கோழித் தோட்டாவில் பொதுவாக இரண்டு அவுன்ஸ் வரை ஈயம் இருக்கும். அப்படியென்றால் 4-ல் 270 குண்டு, 5-ல் 340, 6-ல் 450. தராசில் எடை ஒன்றுதான், எத்தனை துண்டாக நறுக்குகிறோம் என்பதுதான் வேறு.

இரண்டு கட்சி, ஒரு சமரசம்

நாலாம் நம்பர் கட்சி சொல்வது: பெரிய குண்டு ஆழமாகப் பாயும், எலும்பை உடைக்கும். ஆறாம் நம்பர் கட்சி சொல்வது: குறி சின்னது, அதில் ஒன்றாவது விழணும்னா எண்ணிக்கை வேணும். நடுவில் அஞ்சாம் நம்பர் ஆட்கள் "ரெண்டுலயும் பாதி" என்று சமரசம் பேசுவார்கள். பெரும்பாலான கட்டுரைகள் இந்தச் சமரசத்தில்தான் முடியும்.

நாலாம் நம்பர் கட்சிக்கு இயற்பியலில் நியாயம் இருக்கிறது. ஒரே வேகத்தில் கிளம்பினால், ஒரு 4-ம் நம்பர் குண்டின் ஆற்றல் 6-ம் நம்பரைப் போல 1.67 மடங்கு. எடை அந்த விகிதத்தில்தான் கூடுகிறது. காற்று சின்ன குண்டை அதிகமாக இழுத்து நிறுத்துவதால், 40 கெஜம் போய்ச் சேரும்போது இந்த வித்தியாசம் சுமார் இரண்டு மடங்காகிவிடும். ஆனால் பாயும் ஆழத்தைத் தீர்மானிப்பது மொத்த ஆற்றல் மட்டும் இல்லை. அது எவ்வளவு பரப்பில் அழுத்துகிறது என்பதும் முக்கியம். பெரிய குண்டுக்கு முன்பரப்பும் பெரிது. பரப்பால் வகுத்துப் பார்த்தால் இரண்டு மடங்கு சுமார் 1.4 மடங்காகச் சுருங்கும். சாதகம் உண்டு, ஆனால் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை.

ஆறாம் நம்பர் கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. அதைப் பார்க்கக் கொஞ்சம் நிகழ்தகவு வேணும்.

சரி, கணக்குப் போடுவோம்

வேட்டைக்காரர்கள் மத்தியில் ஒரு நடைமுறை விதி உண்டு. தாளில் பத்து அங்குல வட்டம் வரைந்து 40 கெஜத்திலிருந்து சுடு. வட்டத்துக்குள் 100 குண்டு விழுந்தால் அந்தத் துப்பாக்கியும் தோட்டாவும் சரி. ஏன் 100? பெரும்பாலான கட்டுரைகள் காரணம் சொல்லாமல் விதியை மட்டும் கடத்துகின்றன. நாமே கண்டுபிடிக்கலாம்.

பத்து அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 78.5 சதுர அங்குலம். மூளையும் கழுத்தெலும்பும் சேர்ந்து உயிர்க்குறி மூன்று சதுர அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இது என் அனுமானம். நீங்கள் இரண்டு என்றோ நான்கு என்றோ வைத்துப் பார்க்கலாம், எண்கள் மாறும், முடிவின் போக்கு மாறாது. வட்டத்தில் 100 குண்டு என்றால் உயிர்க்குறியில் சராசரியாக 3.8 குண்டு விழும். இது சராசரி மட்டுமே. ஒரு முறை ஏழு விழலாம், ஒரு முறை ஒன்றுகூட விழாமல் போகலாம். இந்த மாதிரிச் சிதறலுக்குப் பாய்சான் பரவல் பொருந்தும். அதன்படி ஒன்றுகூட விழாமல் போக வாய்ப்பு 2 சதவீதம். இரண்டுக்கும் குறைவாக விழ வாய்ப்பு சுமார் 11 சதவீதம்.

இந்த 100 குண்டு 6-ம் நம்பர் தோட்டாவில் கிடைத்தது என்று வைப்போம். அதே எடை, அதே சோக், அதே விரிவு. 4-ம் நம்பருக்கு மாறினால் வட்டத்துக்குள் 60 குண்டுதான். உயிர்க்குறியில் சராசரி 2.3. ஒன்றுகூட விழாமல் போக வாய்ப்பு 10 சதவீதம்.

இப்ப இரண்டு கட்சியின் நம்பிக்கையையும் அப்படியே ஏற்றுக்கொள்வோம். நாலாம் நம்பர் ஒன்று பட்டாலே போதும். ஆறாம் நம்பர் என்றால் இரண்டாவது படணும். 40 கெஜத்தில் ஆற்றல் இரண்டு மடங்கு என்பதால் இது நியாயமான ஒப்பீடுதான். முடிவு:

4-ம் நம்பர் தோற்கும் வாய்ப்பு (ஒன்றும் படவில்லை): சுமார் 10 சதவீதம்
6-ம் நம்பர் தோற்கும் வாய்ப்பு (இரண்டு படவில்லை): சுமார் 11 சதவீதம்

இந்த இரண்டு வரியைப் பார்த்ததும் சண்டை ஏன் முடியவில்லை என்று புரிந்துவிட்டது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று! நாலாம் நம்பர்காரர் முப்பது வருஷ அனுபவத்தில் சொல்வதும் உண்மை, ஆறாம் நம்பர்காரர் சொல்வதும் உண்மை. ஒரு சதவீத வித்தியாசத்தை ஒரு மனிதனின் வேட்டை வாழ்க்கையில் கண்டுபிடிக்கவே முடியாது.

தூரம் என்ற மறந்துபோன எண்

அதே கணக்கில் குண்டின் அளவை விட்டுவிட்டுத் தூரத்தை மாற்றுவோம். தூரம் கூடினால் பேட்டர்ன் எல்லாப் பக்கமும் விரியும், அடர்த்தி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும். 40 கெஜத்தில் 100 என்றால் 30-ல் சுமார் 178, 50-ல் 64, 60-ல் 44. ஆறாம் நம்பரில் இரண்டு குண்டு படாமல் போகும் வாய்ப்பு:

30 கெஜம்: சுமார் 1 சதவீதம்
40 கெஜம்: சுமார் 11 சதவீதம்
50 கெஜம்: சுமார் 30 சதவீதம்
60 கெஜம்: சுமார் 49 சதவீதம்

இதில் தூரம் கூடும்போது குண்டின் வேகம் குறைவதைச் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் கடைசி இரண்டு வரி இன்னும் மோசமாகும்.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். 6-லிருந்து 4-க்கு மாறினால் வட்டத்துக்குள் எவ்வளவு குண்டு குறைகிறதோ, அவ்வளவு குறைய பறவை சுமார் 12 கெஜம் தள்ளி நின்றால் போதும். 6-லிருந்து 5-க்கு மாறுவதன் மதிப்பு சுமார் 6 கெஜம். இத்தனை பத்தாண்டு வாக்குவாதம் மொத்தமும் பன்னிரண்டு கெஜத்துக்குள் அடங்கிவிடுகிறது.

விடியற்காலை மங்கிய வெளிச்சத்தில், மரங்களுக்கு நடுவே, 40 கெஜத்தையும் 50 கெஜத்தையும் கண்ணால் பிரித்துச் சொல்வது சுலபமில்லை. திறந்த புல்வெளியில் பறவை நிஜத்தைவிடப் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும். உட்கார்ந்ததுமே சுற்றியுள்ள மரங்களின் தூரத்தை லேசர் கருவியால் அளந்து, "அந்தக் கட்டையைத் தாண்டி வந்தால்தான் சுடுவேன்" என்று முடிவு செய்கிற வேட்டைக்காரர், எந்த நம்பர் தோட்டா போட்டாலும் போடாதவரைவிட நல்ல வேட்டைக்காரர். இது வேட்டைக்காரர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் கட்டுரை எழுதும்போது இது தலைப்பாக வருவதில்லை. தோட்டாவை விற்கலாம், பொறுமையை விற்க முடியாது.

சாட்சி சொல்ல வராத பறவைகள்

என் இரண்டாவது விமர்சனம் ஆதாரத்தைப் பற்றியது. "இத்தனை வருஷமா நாலாம் நம்பர்தான், ஒரு தடவைகூடக் கைவிட்டதில்லை." இந்த மாதிரி வாக்கியம் இல்லாத கட்டுரை அரிது. இதில் எண்ணப்படுவது விழுந்த பறவைகள் மட்டுமே. இரண்டு குண்டைக் கழுத்துச் சதையில் வாங்கிக்கொண்டு பறந்துபோன பறவை "தவறிய குறி" என்ற கணக்கில் போய்விடும். அது பிறகு செத்ததா பிழைத்ததா என்று யாருக்கும் தெரியாது. புள்ளியியலில் இதைத் தப்பிப்பிழைத்தோர் சார்பு என்பார்கள். இங்கே விசித்திரம், பதிவேட்டில் இருப்பது செத்தவை, காணாமல் போனவை தப்பித்தவை. அறிவுரை எதற்காகவோ, அந்தத் தோல்விகள் தரவிலேயே இல்லை. தோல்விகள் பதிவாகாத துறையில் எந்தக் கட்சியும் தோற்காது.

மூன்றாவது விமர்சனம் தாளில் சுடும் சோதனை பற்றியது. ஒரு தோட்டாவை ஒரு முறை சுட்டு 104 எண்ணுவார்கள். இன்னொரு கம்பெனித் தோட்டாவை ஒரு முறை சுட்டு 92 எண்ணுவார்கள். முதல் தோட்டா சிறந்தது என்று தீர்ப்பு வந்துவிடும். இரண்டு அவுன்ஸ் 5-ம் நம்பரில் 340 குண்டு, அதில் 30 சதவீதம் வட்டத்துக்குள் விழும் என்றால், வெறும் தற்செயலாகவே ஒவ்வொரு சுடலுக்கும் எட்டு ஒன்பது கூடக்குறைய வரும். இரண்டு தோட்டாவை ஒப்பிடும்போது அது சுமார் 12 ஆகும். ஆக 104-க்கும் 92-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றையும் நிரூபிக்கவில்லை. நம்ம வேலையில், ஒரு நிரலை ஒரே ஒரு தடவை ஓட்டி "இது 10 சதவீதம் வேகம்" என்று சொன்னால் டீமில் விடுவார்களா? குறைந்தது ஐந்து தாள் சுட்டுச் சராசரி எடுத்தால்தான் பேசவே ஆரம்பிக்கலாம்.

ஏன் ஐந்து சுடுவதில்லை என்பதற்கு நியாயமான காரணம் இருக்கு. இந்தத் தோட்டாக்கள் விலை கூடியவை, தோளில் உதைக்கும் உதையும் கடுமை. இரண்டு அவுன்ஸ் தோட்டாவை வரிசையாக ஐந்து சுட்டால் ஐந்தாவதில் கை தானாகவே பயந்து குறி தவறும். புரிகிறது. ஆனால் அந்தக் காரணம், ஒரு தாளிலிருந்து தீர்ப்பு எழுதுவதை நியாயப்படுத்தாது.

எண்ணிக்கையைவிட முக்கியமாகத் தாளில் பார்க்க வேண்டியது வேறொன்று: பேட்டர்னின் நடு, குறிவைத்த இடத்தில் இருக்கிறதா? ஆறு அங்குலம் இடப்பக்கம் விலகி 150 குண்டு விழுந்து என்ன பயன்? இறுகிய சோக்கில் பத்துப் பதினைந்து கெஜத்தில் பேட்டர்ன் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கியிருக்கும். அங்கே கொஞ்சம் விலகினாலும் முழுசாகத் தவறிவிடும்.

குண்டு நிற்காத இடம்

"பெரிசுன்னா நல்லதுதானே" என்பவர்களுக்குச் சட்டம் ஒரு எல்லை வைத்திருக்கிறது. பல மாநிலங்களில் வான்கோழிக்கு அனுமதித்த குண்டின் அளவுக்கு உச்சவரம்பு உண்டு. பென்சில்வேனியாவில் ஈயம் என்றால் 4-ம் நம்பரைவிடப் பெரியது கூடாது. காரணம் எளிது. இந்த வேட்டையில் மனிதர்கள் தலைமுதல் கால்வரை காட்டு நிற உடையில் ஒளிந்துகொண்டு வான்கோழி மாதிரியே குரல் கொடுக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பறவை என்று நினைத்துச் சுட்ட விபத்துகள் நடந்திருக்கின்றன.

பிரெஞ்சுக்காரரான ஜூர்னே பெயரில் ஒரு தோராய விதி இருக்கு: குண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200-ஆல் பெருக்கினால் அது அதிகபட்சம் எத்தனை கெஜம் போகும் என்று கிடைக்கும். 4-ம் நம்பருக்கு 286, 6-ம் நம்பருக்கு 242. 40 கெஜத்துக் குறிக்காகச் சுட்ட குண்டு கால் கிலோமீட்டர் வரை போகலாம். அளவுச் சண்டையில் இந்த எண்ணும் வர வேண்டும். நான் படித்ததில் அரிதாகத்தான் வந்தது.

ஈயத்தின் எல்லை

இந்தச் சண்டையின் வேர் உண்மையில் ஈயத்தின் அடர்த்தியில் இருக்கிறது. ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 11 கிராம். குண்டு எவ்வளவு பாயும் என்பது தோராயமாக அடர்த்தியை விட்டத்தால் பெருக்கிய எண்ணைப் பொறுத்தது. ஈயத்தில் ஆழம் வேணும்னா விட்டத்தைக் கூட்டணும், கூட்டினால் எண்ணிக்கை போய்விடும். இப்போது சந்தையில் இருக்கும் டங்ஸ்டன் குண்டின் அடர்த்தி சுமார் 18. அதில் 9-ம் நம்பர், அதாவது 0.08 அங்குலம் மட்டுமே உள்ள குண்டை எடுத்தால், பெருக்கல் எண் ஈயத்தின் 4-ம் நம்பருக்குச் சமமாக வருகிறது. அவுன்ஸுக்குச் சுமார் 362 குண்டு. நாலாம் நம்பரின் ஆழமும் ஆறாம் நம்பரை மிஞ்சும் எண்ணிக்கையும் ஒன்றாகக் கிடைத்துவிட்டது. விலைதான் பல மடங்கு.

அப்போ சண்டை முடிஞ்சிருக்கணும் இல்லையா? அதே கணக்கைப் போட்டேன். ஈயத்தின் 6-ம் நம்பர் 100 விழும் இடத்தில், அதே எடை டங்ஸ்டன் 161 விழும். 40 கெஜத்தில் ஒன்றும் படாமல் போகும் வாய்ப்பு அரை சதவீதத்துக்கும் கீழே. அருமை. ஆனால் விளம்பரம் இதை "காயப்படும் பறவை குறையும்" என்று விற்பதைவிட "இன்னும் தள்ளி நின்று சுடலாம்" என்றுதான் அதிகம் விற்கிறது. 60 கெஜத்துக்குப் போனால் அதே வாய்ப்பு 6 சதவீதத்தைத் தாண்டிவிடும். கிடைத்த லாபத்தின் பெரும்பகுதியைத் தூரம் தின்றுவிடுகிறது.

டங்ஸ்டனுக்கு ஆதரவாக இன்னொரு வாதம் இருக்கு, அது ஈயத்தின் நஞ்சு. நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்கு அமெரிக்கா முழுவதும் 1991 முதல் தடை. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் தடை விதித்துவிட்டது. பல மாநிலங்களில் வான்கோழிக்கு ஈயம் இன்னும் செல்லும். தப்பி ஓடிச் செத்த பறவை, உடம்பில் ஈயத்தோடு கழுகுக்கும் நரிக்கும் இரையாகும். காயப்பட்ட பறவையின் கணக்கு அதோடு முடிவதில்லை.

நல்ல அறிவுரை எப்படி இருக்கும்?

என்னைக் கேட்டால், வான்கோழித் தோட்டா பற்றிய ஒரு கட்டுரை நம்பரில் ஆரம்பிக்கவே கூடாது. முதல் கேள்வி: உன் துப்பாக்கியில், உன் சோக்கில், இந்தத் தோட்டா பத்து அங்குல வட்டத்தில் எந்தத் தூரம் வரை 100 குண்டு போடுகிறது? ஐந்து தாளின் சராசரி சொல். இரண்டாவது: நடு எங்கே விழுகிறது? மூன்றாவது: அந்தத் தூரத்திலிருந்து, கண் தவறும் அளவைக் கழித்து, எந்த மரத்தைத் தாண்டினால் சுடுவாய்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் 4, 5, 6-ல் எது என்பது தானாக முடிவாகிவிடும். உங்கள் குழலில் எது ஒழுங்காக விழுகிறதோ அது. பல துப்பாக்கிகளில் அது அஞ்சாம் நம்பராக இருக்கலாம். அப்படி இருந்தால் அதைச் சொன்னது தாள், சமரசம் இல்லை.

நூறு என்ற விதியையும் புனிதமாக்க வேண்டாம். 100-லிருந்து 200-க்குப் போனால் ஒன்றும் படாத வாய்ப்பு 2 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்டச் சைபர் ஆகும், லாபம் இரண்டு சதவீதம்தான். 60-லிருந்து 100-க்குப் போனால் எட்டு சதவீதம். தேவைக்கு மேலே அடர்த்தியைத் துரத்திக் காசு செலவழிப்பதைவிட, குறைகிற இடத்தில் சுடாமல் விடுவது பறவைக்கு அதிகம் உதவும்.

உயிர்க்குறியின் பரப்பை மூன்று சதுர அங்குலம் என்று எடுத்தேன். வேறு எண் வைத்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு விரிதாளே போதும். வட்டத்துக்குள் விழுந்த எண்ணிக்கையை 78.5-ஆல் வகுத்து, உங்கள் பரப்பால் பெருக்கி, பாய்சான் பரவலில் போடுங்கள். இரண்டு சதுர அங்குலம் என்று வைத்தால் 40 கெஜத்தில் கிடைக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு, 50 கெஜத்தில் சுடலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.